கண்ணாடிக் கட்டடத்தில் ஏலக்காய் வாசம்

உடும்பஞ்சோலையிலிருந்து கஞ்சிக்கோடு போவதை வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டும் ஒரே கேரளம்தான். ஆனால் நான் போன வழியில் கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி, மலையிறங்கி, தமிழ்நாட்டுக்குள் பாதி நாள் ஓடி, இன்னொரு சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. பாஸ்போர்ட் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. போய்ச் சேர்ந்த இடமோ எனக்கு உண்மையிலேயே வெளிநாடு.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகள் ரஞ்சனி அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முதல் வருடம் படிக்கிறாள். அக்காவும் அத்தானும் ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள். நான் சின்னத் தோட்டக்காரர்களிடம் காய் வாங்கி ஏலத்துக்குக் கொண்டுபோகிற சின்ன வியாபாரி. எங்கள் பக்கம் ஏலக்காயை வெறும் 'காய்' என்றுதான் சொல்வோம். மற்ற காயெல்லாம் எங்களுக்குக் கறிக்கு மட்டும்தான். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னபோது, போகட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். அந்தப் பிள்ளைதான் ஒருநாள் காலையில் போன் செய்தாள்.

"மாமா, வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க. எனக்கு இங்க ஒத்து வரல. அம்மாட்ட இப்பச் சொல்லிராதீங்க."

"லீவுக்கா, ஒரேயடியாவா?"

"ஒரேயடியாத்தான் மாமா."

போனை வைத்துவிட்டாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. அவள் திரும்பி வந்தால் 'நாங்க அப்பவே சொன்னோம்ல' என்று ஊரே என்னைப் பார்க்கும். அதைக்கூடத் தாங்கிவிடலாம். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தோட்டத்துக்கு வேலைக்குப் போவதை என்னால் பார்க்க முடியாது. அக்காவிடம் பொள்ளாச்சியில் ஒரு வியாபாரியைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அவளுடைய சாமான்களைக் கட்டிக்கொண்டு வருவதற்காக, காய் போடுகிற சாக்கு ஒன்றை உதறி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கஞ்சிக்கோட்டில் இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. வெயிலோடு காற்றும் அடித்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது வேட்டியை என்ன பாடு படுத்தும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் பை. இந்தக் கோலத்தில் எதிரே வந்து நின்ற பேருந்தில் அவசரமாக ஏறிவிட்டேன். உள்ளே எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தார்கள். பெரும்பாலும் வடக்கத்தி இளைஞர்கள். ஒருவன் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். நல்ல மரியாதையான ஊர் என்று நினைத்துக்கொண்டேன். கண்டக்டர் வரவேயில்லை. பேருந்து ஒரு தொழிற்சாலைக் கேட்டுக்குள் நுழைந்தபோதுதான் அது கம்பெனி வண்டி என்று புரிந்தது. கேட்டில் இருந்த காவலாளி என்னைத் தனியாக இறக்கி, மலையாளத்தில், "சேட்டா, எந்த ஷிஃப்ட்?" என்று கேட்டார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை. நான் வேலைக்கு வரவில்லை, பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், வெளியே நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த ஒரு மெஸ்ஸில் முதலில் சாப்பிட உட்கார்ந்தேன். நடத்துகிறவர் ஈஸ்வரி என்ற அம்மாள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் பேசியதும் தமிழ்தான், நான் பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் உற்றுக் கேட்க வேண்டியிருந்தது.

"ஏனுங்க, எந்தூருங்க?"

"உடும்பஞ்சோலைம்மா. இடுக்கி."

"அட, அத்தனை தொலைவிருந்துங்களா! புள்ளைய சேக்க வந்தீங்களா?"

"இல்லம்மா, கூட்டிட்டுப் போக வந்தேன்."

அந்த அம்மாள் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போயி என்னுங்க பண்ணுவீங்க?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் இன்னும் இரண்டு இட்லியை இலையில் வைத்தார். அது ராமசேரி இட்லி. தோசைக்குத் தம்பி மாதிரி தட்டையாக, துணியின் வரி பதிந்து, அவ்வளவு மெத்தென்று இருந்தது. எங்கள் ஊர் இட்லியைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் அன்று கொஞ்சம் சொல்லிக்கொண்டேன்.

ரஞ்சனி படிக்கிற வணிக மேலாண்மைத் துறைக் கட்டடம் வளாகத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மலையும் மேகமும் அதில் தெரிவதால், தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். வாசல் கதவும் கண்ணாடிதான், ஆனால் யானைக் கனம். காற்று எதிர்த்து அடிக்கும்போது ஒல்லியான பிள்ளைகளால் அதைத் திறக்கவே முடியாது. அதனால் மாணவர்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தவர் உடனே உள்ளே போய்விடக் கூடாது. பின்னால் வருகிற ஆள் வந்து கதவைக் கையில் வாங்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் போனபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது ரஞ்சனி.

இளைத்திருந்தாள். துப்பட்டாவைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிப் போர்த்தியிருந்தாள். என் கையிலிருந்த பையைத்தான் முதலில் பார்த்தாள்.

"சாக்கு கொண்டாந்தீங்களா மாமா?"

"கொண்டாந்தேன்த்தா."

உடனே கிளம்பிவிடலாம் என்று நான் நினைத்தேன். ஆனால் விடுதியிலிருந்து போக வேண்டுமானால் துறைத் தலைவர் லீவுக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் ஒரு பெண்மணி, சாரதா டீச்சர். எங்கள் கேரளத்தில் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான். என்னை உட்கார வைத்து மலையாளத்தில் அவர் சொன்னது இது: "தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் நாளைக் காலையில் என் வகுப்பு இருக்கிறது. அதை முடித்துவிட்டுப் போகட்டும். நீங்களும் வந்து பின்னால் உட்காரலாம்." ரஞ்சனி லீவு என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். திரும்பி வரப்போவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். நான் மேசையில் இருந்த பூச்சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதிப் பொழுதுக்கு அவள் எனக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினாள். நடுவில் அகலமான மரப்படிகள் இருந்தன. நான் ஏறப்போனேன். "மாமா, அது ஏறுறதுக்கு இல்ல, உக்கார்றதுக்கு" என்று கையைப் பிடித்து நிறுத்தினாள். ஏறுவதற்கு ஓரத்தில் வேறு படி இருக்கிறது. உட்காரும் படியில் பிள்ளைகள் மடிக்கணினியோடு உட்கார்ந்தும் சாய்ந்தும் ஒருக்களித்தும் கிடந்தார்கள். பக்கத்தில் சார்ஜர் குத்துகிற இடம் இருக்கும் படிகளுக்குத்தான் போட்டி. காலையிலேயே வந்து பையைப் போட்டு இடம் பிடித்துவிடுகிறார்கள். ரயிலில் துண்டு போடுகிற நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள்தானே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்கு மேல்தளத்தில் குழுவாக உட்கார்ந்து பேசுவதற்கென்று சின்னச் சின்னக் கண்ணாடி அறைகள். உள்ளே இருப்பவர்கள் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுவது தெரிகிறது, சத்தம் கேட்பதில்லை. நான் ஒரு அறைக்கு முன்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். உள்ளே இருந்த பிள்ளைகள் சண்டையை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். ரஞ்சனி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கட்டடம் முழுக்க ஏசி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே எனக்கு உடும்பஞ்சோலையில் மார்கழி மாதம் நிற்பதுபோல இருந்தது. குளிர் மலையில் பிறந்த பிள்ளை பாலக்காட்டு வெயிலுக்குள் வந்து நடுங்குகிறது என்றால் யார் நம்புவார்கள்? வெயில் ஊர் என்று நினைத்து எல்லாம் மெல்லிசுத் துணியாக எடுத்து வந்திருக்கிறாள். "வா, கடையில ஒரு ஸ்வெட்டர் வாங்குவோம்" என்றேன்.

"எதுக்கு மாமா? போகத்தான போறோம்."

கடைசியாக அவள் காட்டிய இடம் கட்டடத்தின் பின்பக்கம். ஏசி இயந்திரங்கள் அங்கேதான் சூட்டுக் காற்றைத் துப்பிக்கொண்டிருக்கின்றன. அதற்கு எதிரே ஒரு சிமெண்டுத் திண்டு. இடைவேளையெல்லாம் அவள் அங்கே வந்து குளிர்காய்வாளாம். வீட்டுக்குப் பேசுவதும் அங்கிருந்துதான். அக்கா, போனில் பேசும்போதெல்லாம் பின்னணியில் ஒரு இரைச்சல் கேட்பதாகவும், பிள்ளை ஏதோ பெரிய மில்லுக்குப் பக்கத்தில் படிப்பதாகவும் சொல்வாள். அந்த இரைச்சல் இதுதான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் திண்டில் உட்கார்ந்தேன்.

"என்னத்தா ஆச்சு? யாரும் எதும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல மாமா. அந்த ஹால்ல எனக்குப் பேச்சே வர மாட்டேங்குது."

மறுநாள் காலையில் அந்த ஹாலைப் பார்த்தேன். குதிரை லாடம் போல வளைந்து, படிப்படியாகக் கீழே இறங்கும் அறை. குழியில் டீச்சர் நிற்கிறார். ஒவ்வொரு மாணவர் முன்னாலும் பெயர் எழுதிய ஓர் அட்டை நிற்கிறது. டீச்சர் பெயரைப் பார்த்துக் கூப்பிட்டால் எழுந்து பேச வேண்டும், ஆங்கிலத்தில். எங்கே உட்கார்ந்தாலும் எல்லோருக்கும் எல்லோருடைய முகமும் தெரியும். பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. பேச முடியாதவர்கள் அட்டையைக் குப்புறப் படுக்க வைத்துவிடலாம். கூப்பிட மாட்டார்கள், மதிப்பெண்ணும் வராது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். படுத்திருந்த அட்டை ஒன்றே ஒன்றுதான்.

ரஞ்சனிக்குப் பக்கத்தில் அவள் அறைத் தோழி கார்த்திகா உட்கார்ந்திருந்தாள். அதே சித்தூர்ப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைப் பெண். வகுப்புக்கு முன்னால் என்னிடம் வந்து, "ஏனுங் மாமா, இன்னிக்கு எங்க குழு வகுப்புல மாதிரிக்கு ஏலக்காய் ஏலம் நடத்தறோமுங்க. ரஞ்சனிதான் பேசோணும். அத்தனையும் மனப்பாடமா வெச்சிருக்கா. எந்திரிச்சு நின்னா மட்டும் ஒண்ணும் வர மாட்டேங்குது. முடியாதுன்னுட்டா, நாந்தான் பேசப்போறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போன லீவுக்கு வந்தபோது ரஞ்சனி என்னிடம் மூன்று தரத்திலும் கொஞ்சம் காய் வாங்கிக்கொண்டு போனது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வகுப்புக்குப் பயந்துதான் அவள் ஊருக்கு ஓடப் பார்த்தாள் என்பதும் புரிந்தது.

ஏலம் தொடங்கியது. கார்த்திகா ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். மாதிரிக் காய் வைத்த தட்டு கைமாறிக் கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் ஒரு காயை எடுத்து, பார்த்து, பயபக்தியோடு மறுபடியும் தட்டில் வைத்தார்கள். தட்டு கடைசி வரிசையில் என்னிடம் வந்தது.

இப்போது ஏல மையத்தில் எல்லாம் கணினித் திரைதான். ஆனால் நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் மாதிரித் தட்டு கைக்குக் கை வரும். ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்ப்போம். ஒரு காயை நகத்தால் கீறி முகர்வோம். அப்புறம் கையில் இருப்பதை அப்படியே தரையில் வீசிவிட்டுத் தட்டைத் தள்ளுவோம். ஏலம் முடிகிறபோது கணுக்கால் வரை காய் கிடக்கும். அன்று அந்த ஹாலில் என் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை, கை மட்டும் பழைய ஏல அறைக்குப் போய்விட்டது. அள்ளினேன், குலுக்கினேன், கீறினேன், முகர்ந்தேன், வீசினேன்.

பளபளவென்று துடைத்த மரத்தரை. காய்கள் ஒவ்வொரு படியாகத் துள்ளித் துள்ளி இறங்கின. ஒன்றிரண்டு உருண்டு போய் டீச்சரின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றன. ஹாலில் இருந்த அத்தனை முகமும் திரும்பி என்னைப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு பையன் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னான். எனக்கு அது புரியவில்லை. அதற்கு எழுந்த சிரிப்பு நன்றாகப் புரிந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. பிள்ளையின் மானத்தை இப்படி வாங்கிவிட்டோமே என்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன்.

"மாமா! பொறுக்காதீங்க!"

ரஞ்சனியின் குரல். எழுந்து நின்றிருந்தாள். தோட்டத்தில் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கூப்பிடுகிற சத்தம் அது. சிரிப்பு நின்றுவிட்டது. அவள் முகம் சிவந்திருந்தது. சிரித்த பையனைப் பார்த்துத்தான் பேசினாள், தமிழில், எங்கள் மலைத் தமிழில்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க? எடுத்த காய எங்க ஊர்ல திருப்பித் தட்டுல போட மாட்டாங்க. நீங்கதான் எல்லாரும் திருப்பிப் போட்டீங்க. கை பட்ட காய், நகம் பட்ட காய் தட்டுல கெடந்தா, அடுத்து பாக்குற ஆளு சரக்கே மோசம்னு நெனைப்பாரு. அதுக்குத்தான் கீழ போடுறது. எங்க மாமா தெரியாமப் போடல."

தெரியாமல்தான் போட்டேன். ஆனால் அந்த நேரத்தில் மறுத்துப் பேசுகிற தைரியம் எனக்கு இல்லை.

டீச்சர் காலடியில் கிடந்த காயை எடுத்து முகர்ந்துவிட்டு, மலையாளத்தில், "முதலிலிருந்து சொல் ரஞ்சனி. எந்த பாஷையில் வருகிறதோ அதில் சொல்" என்றார்.

சொன்னாள். தமிழில் ஆரம்பித்தாள். நடுவில் மலையாளம் வந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலமும் அப்புறம் வந்தது. தடுக்கித் தடுக்கித்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. எந்தக் காய்க்கு ஏன் அதிக விலை, பச்சை நிறம் ஏன் முக்கியம், விலை ஏறும் என்று வைத்திருந்து ஏமாறுகிறவர்கள் யார் என்று சொன்னபோது என்னை வேறு பார்த்தாள். ஹாலில் மறுபடியும் சிரிப்பு. இந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். பேச்சின் நடுவே கார்த்திகா சத்தமில்லாமல் கையை நீட்டி, படுத்திருந்த அட்டையை நிமிர்த்தி வைத்தாள்.

அப்புறம் தட்டு மறுபடியும் சுற்றியது. இந்தத் தடவை டீச்சரே முதலில் வீசினார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? ஒருவன் கிரிக்கெட்டில் பந்து போடுவதுபோல ஓடிவந்து வீசினான். அதில் பாதி நான் பொறுக்கி எடுத்துக் கொடுத்த முதல் தரக் காய். மனசு அடித்துக்கொண்டது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கால்பட்டு நசுங்கிய காயின் வாசத்தை ஏசி இழுத்துக்கொண்டு போய்க் கட்டடம் முழுக்கப் பரப்பிவிட்டது. மேல்தளக் கண்ணாடி அறைகளிலிருந்து பிள்ளைகள் இறங்கி வந்து, இங்கே பாயசம் தருகிறார்களா என்று கதவைத் திறந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ரஞ்சனியின் குழுவினர் தரையைக் கூட்டி அள்ளினார்கள். அள்ளியது எங்கே போனது என்று தெரியாது. மத்தியானம் கேன்டீன் சாயாவில் ஏலக்காய் மணந்தது. நான் விசாரிக்கவில்லை, பழம்பொரி பஜ்ஜியை மட்டும் தின்றேன்.

வகுப்பு முடிந்ததும் ரஞ்சனி டீச்சரின் அறைக்குள் போனாள். திரும்பி வந்து, "சாக்கக் குடுங்க மாமா" என்றாள். கொடுத்தேன். விடுதிக்குப் போய்விட்டாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காற்றில் நின்றுகொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். பேசியது ஒரு நாள் பேச்சு. தினம் தினம் அந்த ஹாலில் உட்கார வேண்டியது அவள்.

சாக்கு நிறைய அடைத்து, வாயைக் கயிற்றால் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவ்வளவுதான், அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கூட நடந்தேன். மெஸ்ஸைத் தாண்டும்போது ஈஸ்வரி அம்மாள் வாசலுக்கு வந்து சாக்கைப் பார்த்தார். "போறீங்களாக்கு?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பொள்ளாச்சிப் பேருந்து வந்தது. நான் ஏறி, ஜன்னலோரமாக இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் பையைப் போட்டு இடம் பிடித்தேன். ரஞ்சனி ஏறவில்லை. சாக்கை மட்டும் படி வழியாக உள்ளே தள்ளிவிட்டு ஜன்னலுக்கு அடியில் வந்து நின்றாள்.

"மாமா, அது பூரா மெல்லிசுத் துணி. இங்க ஆகாது. அம்மாட்டக் குடுத்துருங்க. வீட்ல என் பச்ச ஸ்வெட்டரு பீரோவுல இருக்கு, இந்தப் பக்கம் வர்ற யார்ட்டயாச்சும் குடுத்துவிடுங்க. அந்த ஹால்ல ரொம்பக் குளுருது."

வண்டி நகர்ந்தது. நான் என்னவோ சொன்னேன், காற்றில் அவளுக்குக் கேட்டிருக்காது. அவள் சாலையைத் தாண்டி வளாகத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள். கண்டக்டர் என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் பையையும் பார்த்துவிட்டு, எத்தனை பேர் என்று கேட்டார்.

"ஒண்ணுதாங்க" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக ஒற்றை டிக்கெட் நான் எடுத்ததே இல்லை.